ஹலாலா, எவ்வளவு கிடைக்கும்: இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு கேள்வி



திருநின்றவூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு ஆலிம்களிடம் கேட்கப்படும் கேள்விகளில், மார்க்கச் சட்டங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் இடம்பெறுவது பணம் பற்றிய கேள்விதான். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பாடியிலும் தொழிற்சாலை வேலை செய்து ஓய்வுபெற்றவர் கையில் பணிக்கொடைத் தொகை இருக்கும். வளைகுடா நாட்டில் பதினைந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவரிடம் சேமிப்பு இருக்கும். கணவரை இழந்த சகோதரியிடம் நகையை விற்ற பணம் இருக்கும். அவர்கள் கேட்பதெல்லாம் ஏறத்தாழ ஒன்றே: "ஹஜ்ரத், இந்தக் கம்பெனியில் பணம் போடலாமா? இது ஹலாலா?"

அதற்கு முன்பே இன்னொரு கேள்விக்கு அவர்கள் விடை தெரிந்து வைத்திருப்பார்கள். மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதே அது. ஆக, கேள்விகள் இரண்டு. முதலாவதை முகவரிடம் கேட்கிறோம். இரண்டாவதை ஆலிமிடம் கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் கேட்கப்படாமலேயே போகும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: இந்நிறுவனம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கொண்டு, அந்தப் பணத்தைவிடப் பெரிய ஒன்றை உண்மையிலேயே உருவாக்குகிறதா?

இது வணிகக் கல்லூரியில் கேட்கவேண்டிய கேள்வி, பள்ளிவாசலில் கேட்பதற்குரியது அன்று எனப் பலர் எண்ணுகிறார்கள். என் கருத்து அதற்கு நேர்மாறானது. இந்த மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவரை, ஹலாலா என்ற கேள்விக்கு விடை சொல்லவே இயலாது. கணக்கைப் பார்க்காமல் கொடுக்கப்படும் ஹலால் சான்று வெறும் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிய காகிதமே; உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

பெங்களூரு தந்த பாடம்

2006-ஆம் ஆண்டு பெங்களூருவில் தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வட்டியில்லா முதலீடு, ஹலால் ஆதாயம் என்பவையே அதன் விளம்பர வாசகங்கள். வங்கி வட்டியை மார்க்க அச்சத்தால் தவிர்த்துவந்த குடும்பங்கள் அதில் பணம் போட்டன. நகைக்கடை இருந்தது, மருந்துக்கடை இருந்தது, மருத்துவமனை இருந்தது. கண்ணுக்குத் தெரியும் வியாபாரம் இருந்ததால் ஐயம் எழவில்லை. பணம் போட்டவர்களை வைப்பாளர்களாகப் பதிவு செய்யாமல், வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மைகளில் பங்காளிகளாகச் சேர்த்தார்கள். காகிதத்தைப் பார்த்தால் முஷாரகா போலவே இருந்தது.

2019 ஜூன் மாதம் அதன் நிறுவனர் முகம்மது மன்சூர் கான் நாட்டைவிட்டு வெளியேறினார். பெங்களூரு சிவாஜிநகரில் அலுவலகத்தின் முன் மக்கள் திரண்டனர். புகார் அளித்தோர் எண்ணிக்கை 40,000-ஐக் கடந்தது. அடுத்த மாதம் அவர் டெல்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்தார்கள் என்பதே புலனாய்வு அமைப்புகள் சுமத்திய குற்றச்சாட்டு.

இதில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பல்லாண்டுகள் ஆதாயம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதையே மக்கள் சான்றாகக் கொண்டார்கள். "என் மச்சானுக்கு மூன்று வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் வருகிறது" என்ற ஒரு வாக்கியம் ஆயிரம் விளம்பரங்களுக்குச் சமம். ஆனால் தவறாமல் வருவது எதற்கும் சான்றாகாது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறார்கள். மொத்தம் ஒரு கோடி. மாதம் 3 சதவீதம் தருவதாக வாக்கு. அதாவது மாதம் 3 லட்சம் ரூபாய். வாங்கியவர் எந்த வியாபாரமும் செய்யவில்லை. பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கோடியிலிருந்தே எடுத்துக் கொடுத்தால், 33 மாதங்களுக்கு ஒருவருக்கும் ஒரு மாதமும் தவறாது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! இடையில் இன்னும் நூறு பேர் சேர்ந்துவிட்டால் இன்னும் சிறிது காலம் ஓடும். நம் மச்சான் பெற்றது லாபமன்று. அவருடைய முதலே தவணை தவணையாகத் திரும்பி வந்தது. முதல் தீர்ந்தபின் வந்தது அடுத்தவருடைய முதல்.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. சென்னை அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம்வரை தருவதாகச் சொன்னது. 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு அதன் மீது வழக்குப் பதிந்து சோதனை நடத்தியது. சுமார் ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. மாதம் 30 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். ஆண்டுக்கு 20 சதவீதம் ஈட்டும் தொழிற்சாலையை நல்ல தொழிற்சாலை என்று உலகம் மெச்சுகிறது. அப்படியிருக்க, இந்த 360 எந்தச் சரக்கை விற்று வரும் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அங்கே மயக்கியது பேராசை. பெங்களூருவில் மயக்கியது பக்தியின் பெயர். விளைவு ஒன்றே.

ஃபிக்ஹு வகுத்த அளவுகோல்

லாபம் என்றால் என்ன என்பதை நம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மிக நுட்பமாக வரையறுத்துவிட்டார்கள். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து வியாபாரம் செய்யும் முளாரபா ஒப்பந்தத்தைப் பற்றிய பாடத்தில் அது விரிவாக இடம்பெறுகிறது. மதரசாவில் அதை ஓதுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பணத்தோடு பொருத்திப் பார்ப்பதில்லை.

முதலாவது: ஆதாயம் விகிதமாகவே பேசப்பட வேண்டும். லாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று எனலாம். மாதம் இத்தனை ஆயிரம் எனத் தொகை குறித்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. போட்ட முதலுக்கு மாதம் இத்தனை சதவீதம் என்பதும் தொகை குறிப்பதே, லாபத்தின் விகிதமன்று. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே, நம்மிடம் வரும் பெரும்பாலான 'ஹலால் திட்டங்கள்' வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது: முதல் முழுமையாக மீண்ட பிறகே லாபம் என்ற பேச்சு. நூறு ரூபாயைக் கொடுத்து வியாபாரம் செய்யச் சொன்னால், அந்த நூறு பத்திரமாக இருப்பது உறுதியான பின்னர் எஞ்சுவதே லாபம். இடையில் பத்து ரூபாய் நட்டமாகிப் பின்பு பத்து ரூபாய் வந்தால், அது லாபமன்று. நட்டத்தை அடைக்கும் மண்.

மூன்றாவது: சரக்கு காசாக வேண்டும். இதைத் தன்ளீள் என்பார்கள். கிடங்கில் கிடக்கும் துணிக்கு அதிக விலை மதிப்பிட்டு, 'இவ்வளவு லாபம்' என்று இறுதியாகப் பங்கிட்டுவிட முடியாது. விற்றுக் கையில் காசாக வந்து, முதலைத் தனியே பிரித்து வைத்துக் கணக்கு முடிக்கும்போதுதான் லாபம் உறுதியாகிறது. உழைப்பாளியின் பங்கு எப்போது அவருக்கு உரிமையாகிறது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, லாபம் கண்ணுக்குத் தெரிந்தாலே போதாது; பங்கீடு முடிந்தாக வேண்டும்.

நான்காவது: ஆதாயத்துக்கு உரியவர் யார்? இழப்பைச் சுமக்க ஒப்பியவர். உமர் (ரலி) அவர்களின் மைந்தர்கள் இருவர் தொடர்பான நிகழ்ச்சியை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். பஸராவின் ஆளுநராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் பொதுநிதிப் பணத்தை அவ்விருவரிடமும் கடனாகக் கொடுத்து, மதீனாவில் கலீஃபாவிடம் சேர்க்கச் சொன்னார்கள். அவர்கள் வழியில் இராக்கின் சரக்கை வாங்கி மதீனாவில் விற்று லாபம் அடைந்தார்கள். படையினர் அனைவருக்கும் இப்படிக் கடன் தரப்பட்டதா என்று வினவிய உமர் (ரலி) அவர்கள், முதலையும் லாபத்தையும் சேர்த்துத் திருப்பித் தருமாறு பணித்தார்கள். பணம் தொலைந்திருந்தால் தாங்களே ஈடுசெய்திருக்க வேண்டியிருந்திருக்கும் என்று உபைதுல்லாஹ் வாதிட்டார். இறுதியில் அவையிலிருந்த ஒருவரின் ஆலோசனைப்படி அது முளாரபாவாகக் கருதப்பட்டு, முதலும் லாபத்தில் பாதியும் பொதுநிதிக்குச் சென்றன. கலீஃபாவின் பிள்ளைகளிடமே இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கப்பட்டிருக்கிறது. முன்பின் அறியாத முகவரிடம் நாம் எதையும் கேட்பதில்லை.

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. நம்பிக்கைக்குரியவர் என்று ஊரே போற்றிய முஹம்மத் (ஸல்) அவர்களிடம்தான் நபித்துவத்துக்கு முன்னர் அன்னையார் தம் சரக்கை ஒப்படைத்தார்கள். ஆயினும் மைஸரா என்ற தம் பணியாளரையும் உடன் அனுப்பினார்கள். ஷாம் தேசத்திலிருந்து திரும்பியதும் விளைவைப் பார்த்தார்கள்; பயணத்தில் நடந்ததைக் கேட்டறிந்தார்கள். நம்பிக்கையும் கணக்கும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கணக்குக் கேட்பது அவநம்பிக்கை என்ற எண்ணம் நம்மிடையே எங்கிருந்தோ நுழைந்துவிட்டது. கடனை எழுதி வைப்பது பற்றிய வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை மறந்துவிடலாகாது.

இன்றைய கணக்கு சொல்வதும் அதுவே

இனி இன்றைய நிதியியலுக்கு வருவோம். ஒரு நிறுவனம் முதலீட்டாளருக்கு மதிப்பை உருவாக்குகிறதா என்பதை எப்படி அளப்பது? லாபக் கணக்கில் ஒரு தொகை இருப்பதாலேயே மதிப்பு உருவாகிவிட்டது என்று பொருளாகாது. அந்த லாபத்தை ஈட்ட எவ்வளவு முதல் முடங்கியது, அந்த முதலைக் கொண்டு அதே அளவு இடர் உள்ள வேறு நேர்மையான தொழிலில் எவ்வளவு ஈட்டியிருக்கலாம் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்த பின்பும் மிச்சமிருந்தால் மதிப்பு உருவாகியிருக்கிறது. இல்லையென்றால், லாபம் காட்டிக்கொண்டே அந்நிறுவனம் மதிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தம் நூலில் இக்கருத்தின் வித்தை இட்டார். நூறாண்டுகளுக்குப் பின் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் இதற்குப் பொருளாதாரக் கூட்டுமதிப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டுப் பரப்பியது. நம் நாட்டில் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் ஆண்டறிக்கைகளில் இக்கணக்கைத் தானே வெளியிட்டு வந்தது.

நம் பகுதிக்குப் பொருத்தமாக ஓர் உதாரணம் காண்போம். காக்களூர் தொழிற்பேட்டை போன்ற ஓரிடத்தில் நான்கு உறவினர்கள் சேர்ந்து 50 லட்சம் ரூபாயில் உதிரிபாகப் பட்டறை ஒன்றை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 5 லட்சம் லாபம். பத்து சதவீதம்! மகிழ்ச்சிதான். ஆனால் நால்வரில் ஒருவர் சம்பளம் இல்லாமல் நாள் முழுவதும் பட்டறையில் நிற்கிறார். வேறிடத்தில் அதே வேலைக்கு மாதம் 25,000 ரூபாய் கொடுப்பார்கள். ஆண்டுக்கு 3 லட்சம். அதைக் கழித்தால் உண்மையான லாபம் 2 லட்சம். அதாவது 4 சதவீதம். நாட்டின் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருப்பதே ரிசர்வ் வங்கியின் இலக்கு. விலைவாசி அந்த அளவே உயர்ந்தாலும், ஆண்டு முழுதும் உழைத்து முதலின் வாங்கும் சக்தியைக் காத்ததோடு சரி. அதே இடருள்ள வேறொரு பட்டறை 12 சதவீதம் ஈட்டுகிறது என்றால், இங்கே 6 லட்சம் வந்திருக்க வேண்டிய இடத்தில் 2 லட்சம் வந்துள்ளது. கணக்குப் புத்தகத்தில் 5 லட்சம் லாபம். மதிப்பு என்ற தராசிலோ 4 லட்சம் குறைவு. யாரும் ஏமாற்றவில்லை, கணக்கும் பொய்யில்லை. எனினும் சம்பளமின்றி உழைத்தவரின் உழைப்பையே நால்வரும் லாபம் என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். நம் குடும்பக் கூட்டு வியாபாரங்களில் பின்னாளில் எழும் மனக்கசப்புகள் பலவற்றின் வேர் இங்குதான் இருக்கிறது. உழைக்கும் பங்காளிக்கு லாபத்தில் கூடுதல் விகிதம் பேசிக்கொள்ள ஷரீஅத்தில் வழியிருக்கிறது. தொடக்கத்திலேயே அதைப் பேசி எழுதி வைப்பதே முறை.

இங்கே ஒரு சகோதரர் எழுப்பக்கூடிய ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டும். முதலுக்கு ஒரு கூலி உண்டு என்று கணக்கிடுவது வட்டியின் சிந்தனை அல்லவா?

அல்ல. ஒப்பந்தத்தில் இத்தனை சதவீதம் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே ரிபா. ஆண்டு முடிவில், இப்பணம் நன்றாகப் பயன்பட்டதா என ஒப்பிட்டுப் பார்ப்பது அளவுகோல் மட்டுமே. குறைந்திருந்தால் முதலீட்டாளர் அதை ஏற்றுக்கொள்கிறார். விரும்பினால் அடுத்த ஆண்டு விலகிக்கொள்கிறார். சும்மா கிடக்கும் பணத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை நமக்குக் கற்றுத் தந்ததே ஸகாத்தான். நிஸாபை எட்டிய பணம் ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் குறைகிறது. ஒரு லட்சம் ரூபாயைப் பத்தாண்டுகள் பெட்டியில் வைத்து, ஒழுங்காக ஸகாத் கொடுத்துவந்தால் எஞ்சுவது சுமார் 77,600 ரூபாய். அநாதைகளின் செல்வத்தை ஸகாத் கரைத்துவிடாதபடி வியாபாரத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதன் பொருள் இதுவே. பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் அதைக் குறையாமல் வைத்திருந்தால் மட்டும் போதாது. வளர்க்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு.

காகித லாபமும் பங்கு விலையும்

சரக்கு காசாக வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனையை நினைவுகூருங்கள். 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டப்பட்டிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, பன்னாட்டு வாடிக்கையாளர்கள், நல்ல நிர்வாகத்துக்காக அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கிடைத்த விருது என எல்லாம் இருந்தன. காசு மட்டும் இல்லை. லாபம் காகிதத்தில் வளர்ந்தது, பெட்டியில் வளரவில்லை.

இவ்வளவு பெரிய மோசடி இல்லாமலேயே, நேர்மையான சிறு தொழில்களும் இதே இடத்தில் இடறுவதுண்டு. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்குப் பில் போட்ட நாளன்றே லாபம் கணக்கில் ஏறிவிடும். பணம் வர மூன்று மாதம், நான்கு மாதம் ஆகும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் இழுக்கக்கூடாது என்கிறது. ஆனாலும் இழுபறி தொடர்கிறது. வராத பணத்தை லாபம் என்று எண்ணிப் பங்கிட்டுக்கொள்பவர் தம் முதலைத் தாமே தின்கிறார்.

பங்குச் சந்தையில் முதலீடு செய்யும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். பங்கின் விலை வேறு, நிறுவனம் உருவாக்கும் மதிப்பு வேறு. திருவொற்றியூரில் தொழிற்சாலை உள்ள எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் எந்தப் பங்கும் அதற்குமுன் அந்த விலையைத் தொட்டதில்லை என்று செய்திகள் கொண்டாடின. அந்த விலைக்கு ஒரு முக்கியக் காரணம் எளிமையானது: அந்நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் சுமார் 42 லட்சம் மட்டுமே. ஒரு பெரிய ரொட்டியை நான்காக வெட்டினால் துண்டு பெரிது; நாற்பதாக வெட்டினால் துண்டு சிறிது. ரொட்டி ஒன்றுதான். அந்த நிறுவனத்தை நான் பரிந்துரைக்கவுமில்லை, தவிர்க்கச் சொல்லவுமில்லை. துண்டின் விலையைப் பார்த்து ரொட்டியின் சத்தை முடிவு செய்யாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

ஷரீஅத் குறியீடுகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் ஷரீஅத் வடிகட்டியில் தேறிய நிறுவனங்களின் பட்டியல்களைக் கொண்டுள்ளன. மது, சூதாட்டம், வட்டித் தொழில் போன்றவற்றை அவை விலக்குகின்றன. கடனுக்கும் வட்டி வருமானத்துக்கும் உச்சவரம்பு வைக்கின்றன. மிகப் பயனுள்ள பணி அது. ஆனால் அந்தப் பட்டியல் 'இங்கே இந்தப் பாவம் இல்லை' என்றுதான் கூறுகிறது. 'இங்கே மதிப்பு உருவாகிறது' என்று அது சொல்வதில்லை, சொல்வதாகக் கூறிக்கொள்ளவுமில்லை. பன்றி இறைச்சி இல்லாத உணவெல்லாம் சத்துள்ள உணவு ஆகிவிடாதல்லவா?

ஆலிம்களின் பொறுப்பு

கணக்குப் பார்ப்பது பட்டயக் கணக்கர்களின் வேலை. ஹலால், ஹராம் சொல்வது மட்டுமே ஆலிம்களின் வேலை என்று சிலர் கூறுவதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. கொடுக்கப்படும் ஆதாயம் உண்மையான வியாபாரத்திலிருந்து வருகிறதா, அடுத்தவரின் முதலிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்தே தீர்ப்பு மாறுகிறது. முதலாவது தூய வருமானம். இரண்டாவது பிறர் சொத்தை முறைகேடாக உண்பது; பத்திரத்தில் எத்தனை பேர் கையெழுத்திட்டிருந்தாலும் அது அப்படித்தான். தீர்ப்பு எந்த உண்மையின் மீது நிற்கிறதோ, அந்த உண்மையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது எப்படி? தலாக் வழக்கில் இரு தரப்பையும் விசாரிக்காமல் ஃபத்வா கொடுப்போமா?

ஆகவே என் வேண்டுகோள் வெளிப்படையானது. எந்த முதலீட்டுத் திட்டத்தையும் மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கைப் பார்க்காமல் நம் ஆலிம்கள் ஹலால் என்று சொல்ல வேண்டாம். படிக்கத் தெரியாவிட்டால், மஹல்லாவில் உள்ள ஒரு கணக்கரை அருகில் அமர்த்திக்கொண்டு படிக்கட்டும். அதுவரை எந்தத் திட்டத்தின் சுவரொட்டியும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டாம். எந்த நிறுவனத்தின் இஃப்தார் விருந்துக்கும் நன்றியாக மிம்பரிலிருந்து பரிந்துரை செய்ய வேண்டாம். மக்கள் முகவரை நம்பிப் பணம் கொடுப்பதில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்கும் தாடியையும் தொப்பியையும் நம்பித்தான் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானத்.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவையும் எளியவையே. லாபத்தில் எத்தனை பங்கு என்கிறார்களா, மாதம் எத்தனை ரூபாய் என்கிறார்களா? நட்டம் வந்தால் யாருக்கு என்ன என்று எழுதியிருக்கிறதா? மொத்த முதல் எவ்வளவு, அதைக் கொண்டு ஈட்டிய லாபம் எவ்வளவு? அந்த லாபம் வங்கிக் கணக்கில் காசாக வந்ததா? உழைப்பவரின் கூலி கழிக்கப்பட்டதா? இந்தத் தொழிலில் மற்றவர்கள் எவ்வளவு ஈட்டுகிறார்கள்? விடை சொல்லத் தயங்குபவரிடமிருந்து மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டதற்காகக் கோபப்படுபவரிடமிருந்து விரைவாக விலகிக்கொள்ளுங்கள்.

உரிய அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டுவது 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி குற்றம். ஏமாந்தவர்களுக்காக 1997-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளிக்கலாம். சமுதாயத்தின் பெயர் கெட்டுவிடும் என்று வாய் மூடியிருப்பது, ஏமாறக் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குச் செய்யும் அநீதி.

இறுதியாக ஒரு எச்சரிக்கை. முதலீட்டாளருக்கு மதிப்பு உருவாவது ஒன்றே முழுமையான நீதியாகாது. ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியைப் பிடித்துவைத்து, கழிவை ஏரியில் திறந்துவிட்டு, சிறு பட்டறைக்குத் தர வேண்டிய பணத்தை இழுத்தடித்து ஒரு நிறுவனம் லாபத்தைப் பெருக்கிக் காட்ட முடியும். அது உருவாக்கிய மதிப்பன்று. வேறொருவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்த மதிப்பு. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. கூலி பாக்கியிருக்கும்போது லாபம் என்று ஒன்றை எழுதுவதே நம் கணக்கில் பிழை. இதையும் சேர்த்துக் கேட்பவரே முழுமையான முதலீட்டாளர்.

கியாமத் நாளில் செல்வத்தைப் பற்றி நம்மிடம் கேட்கப்படுபவை இரண்டு: எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய்? 'மாதாமாதம் வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியாது' என்பது முதல் கேள்விக்கு விடையாகாது. அங்கே அதற்கு விடை சொல்ல விரும்புபவர் இங்கே கணக்கைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய வருமானத்தையும் அதில் பரக்கத்தையும், பிறர் பணத்தைப் பேணும் அமானத் உணர்வையும் தந்தருள்வானாக. இழந்தவர்களுக்கு அவர்களின் உரிமையை மீட்டுத் தருவானாக. ஆமீன்.